கூடாரத்துக்குள் ஓர் ஆகஸ்ட்

ஊர்ச் சங்கு அலறியபோது சுருளிவேல் 2003-ஆம் வருஷத்து மேகம் ஒன்றைத் தென்மேற்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கை நின்றது. எண்ணினான். மூன்று முறை அலறினால் வெளி வேலை கூடாது. நான்கு என்றால் ஆடு மாடுகளையும் நிழலில் கட்ட வேண்டும். சங்கு ஐந்தாவது முறையும் அலறி ஓய்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஐந்து சங்கை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஐந்து என்றால் என்ன செய்வது என்று பஞ்சாயத்து நோட்டீசில் ஒரே வரி போட்டிருந்தார்கள்: இருக்கும் இடத்தை விட்டு நகர வேண்டாம்.

மணி மதியம் ஒன்று நாற்பது. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். முதல் ஷிப்ட் அறுபது பேரும் கூடாரத்தை விட்டு வெளியேறி, ஒரு மரம்கூட இல்லாத ஒன்றரை கிலோமீட்டர் பொட்டலையும் கால்வாய்ப் பாலத்தையும் கடந்து தங்கள் ஊரான பொன்னூத்துப்பட்டிக்கு நடக்க வேண்டும். நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் கம்பெனி வேனின் பேட்டரி தானாக அணைந்துகொள்ளும். அதனால் வேன் இல்லை. அந்த அறுபது பேரில் ஒருத்தி வெள்ளத்தாய், சுருளியின் மனைவி.

அவனுடைய கட்டுப்பாட்டு அறைக்கு இரண்டு ஜன்னல்கள். கிழக்கு ஜன்னலில் 2071-ஆம் வருஷத்து மே மாதம். நாற்பத்தெட்டு டிகிரி, வியர்வை உடம்பிலேயே நின்றுவிடும் ஈரப் புழுக்கம். மேற்கு ஜன்னலில் பிரான்ஸ் தேசம், பர்கண்டி, 2003, ஆகஸ்ட் பதினொன்று. நாற்பது ஏக்கர் திராட்சைக் கொடிகள். அவற்றுக்கு மேல் தெளிந்த படலத்தால் ஒரு வானம், அதுதான் கூடாரம். அந்த ஊரில் அந்த வருஷம் எந்த மணிக்கு எவ்வளவு வெயில் அடித்தது, எந்த ராத்திரி எவ்வளவு குளிர்ந்தது, எப்போது மழை என்று யாரோ அன்றே எழுதி வைத்திருந்தார்கள். அதை நாள் பிசகாமல், மணி பிசகாமல் இங்கே மறுபடி நடத்துவதுதான் சுருளியின் வேலை. ஊரில் அவனுக்கு வருணன் என்று பட்டப்பெயர்.

தினமும் காலையில் ஒலிபெருக்கியில் தேதி சொல்லுவான். "இன்னிக்கு ஏப்ரல் பத்து. விடியக்காலைல உறைபனி. கையுறை போட்டுக்கங்க." தைப்பொங்கலுக்கு ஊரே விசிறியோடு உட்கார்ந்திருந்தபோது, கூடாரத்துப் பெண்கள் கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போனார்கள். வெள்ளத்தாயின் அக்கா மாயக்காள், ஊரின் இந்தக் கடைசியில் கூடாரத்தைப் பார்த்திருந்த மேற்குத் தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தாள். கால் ஊனம், நாள் முழுக்க வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள். தங்கை கம்பளியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பும்போதெல்லாம், "என்னடி, கொடைக்கானல் மகாராணி! கொஞ்சம் குளிரைக் கொண்டாந்து எங்களுக்கும் தெளிச்சுட்டுப் போயேன்" என்பாள்.

கதவு திறந்தது. ஜெர்மேன் மேடம் உள்ளே வந்தார். ஒயின் செய்பவர், புதுச்சேரிக்காரர். ஐம்பத்தைந்து வயது. திராட்சையை நாக்கில் வைத்தே அது எத்தனை ராத்திரி குளிரில் இருந்தது என்று சொல்லிவிடுவார். கூடாரத்தில் கடைசி வார்த்தை அவருடையது.

"அஞ்சு சங்கு மேடம்" என்றான் சுருளி.

"கேட்டுச்சு."

"முதல் ஷிப்டை உள்ளயே வெச்சுக்குவோம். பொழுது சாஞ்சதும் போகட்டும்."

"ரெண்டாவது ஷிப்ட் ஏற்கெனவே வாசலுக்கு வந்துட்டாங்க."

"தெரியும்." கைரேகை வைப்பதற்காக அரை மணி முன்னாலேயே வந்து தகர ஷெட்டில் நிற்பது அவர்கள் வழக்கம். கிழக்கு ஜன்னலில் தெரிந்தார்கள். யாரும் நிற்கவில்லை, எல்லோரும் குந்தியிருந்தார்கள். "அவங்களையும் உள்ள விட்டுருவோம்."

"நூத்திருபது பேர்."

"ஆமா."

ஜெர்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சுருளி, நீங்க எட்டு மாசமா இந்த வருஷத்தை நடத்துறீங்க. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கொடி ஒண்ணுதான். அதே கொடியை இங்க வெளிய நட்டா என்ன ஆவும்?"

"நம்ம பன்னீர் திராட்சை மாதிரி வருஷம் முழுக்கக் காய்க்கும். தூங்கவே தூங்காது."

"தூங்காத கொடியில ஆழம் வராது. குளிர்காலத்துல அது சாகுற மாதிரி தூங்கணும். பகல் வெயில் சர்க்கரையை ஏத்தும், ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாத்தும். ரெண்டும் இழுத்துப் பிடிக்கிற இடத்துலதான் ஒயின் இருக்கு. மண்ணைக்கூடக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்துடலாம். வானத்தை முடியாது. இப்ப பர்கண்டிக்கே அந்த வானம் இல்ல. அங்க ஈச்சமரம் வெக்கிறாங்க." மூச்சு விட்டுக்கொண்டார். "சிங்கப்பூர்ல ஒரு பெரியவர், 2003-ல பிறந்தவரு. எழுபதாவது பிறந்தநாளுக்குத் தான் பிறந்த வருஷத்தைக் குடிக்கணும்னு கேட்டாரு. அதுக்குத்தான் இவ்வளவும். அறுபது பேருக்கு மேல உள்ள போனா, வியர்வை, மூச்சு, எல்லாம் ஈரம். அந்த ஈரம் 2003-ல இல்ல. அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கு. பூஞ்சை வந்துச்சுன்னா மூணே நாள்."

"அப்ப, அவங்க வெளிய போய்ச் சாகட்டுங்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

சுருளி தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினான். இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்ததை எடுத்து வைத்தான். "மேடம், இந்தக் கோடையில எங்க ஊர்ல ஆறு பேரு வெயில்ல விழுந்து செத்தாங்க. ஆறு பேருமே கூடாரத்து ஆளுங்க. ஆடு மேய்க்கிறவரு சாகல. செங்கல் சூளைல வேகுறவன் சாகல. எழுபது வயசுக் கிழவரு கால்வாய்க் கரைல தூங்கி எந்திரிச்சுப் போறாரு. எங்க ஆளு முப்பது வயசுல பாலத்துக்குப் பக்கத்துல சுருண்டு விழுறான். ஏன்?"

ஜெர்மேன் மேற்கு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்பு மறந்துடுது. எட்டு மாசம் குளிர்ல வேலை செஞ்சா, வெயிலைத் தாங்குற வித்தையை உடம்பு மறந்துடும். கொடிக்கு இந்த ஊர் மறந்து போன மாதிரிதான். கம்பெனி டாக்டர் போன மாசமே எழுதிட்டாரு."

"எழுதி?"

"எழுதினதோட சரி."

அறையின் ஒலிபெருக்கியில் வாசல் பக்கத்திலிருந்து மொக்கராசு கத்தினான். இரண்டாவது ஷிப்டின் மேஸ்திரி. "ஏ வருணா! மணி ரெண்டாகப் போவுது, கதவைத் தொறப்பா! இங்கிட்டு கறி வெந்துக்கிட்டிருக்கு. உப்பு மட்டும்தான் போடணும்!" பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. "விளையாட்டுக்குச் சொல்லலப்பா" என்றான் மொக்கராசு, குரலைத் தணித்து. "செல்லக்காளு கண்ணு சொருகுறா."

கூடாரத்துக்கு உள்கதவு, வெளிக்கதவு என்று இரண்டு. நடுவில் ஒரு கூடம். வேலை முடிந்தவர்கள் கூடத்துக்கு வந்து, வெளியே போன பிறகுதான் அடுத்தவர்கள் உள்ளே வர முடியும். அறுபது போனால் அறுபது வரும். எட்டு மாதமாக ஒரு தலை கூடியதில்லை, குறைந்ததில்லை. இப்போது முதல் ஷிப்ட் கூடத்தில் வந்து நின்றது. வெள்ளத்தாய் கூடத்துச் சுவரில் இருந்த கண்ணாடிக்கு அருகே வந்து, அவன் அறையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். முகம் சிவந்திருந்தது. உள்ளே முப்பத்தெட்டு டிகிரி.

"மாமா, இன்னிக்கு என்ன உள்ளயே இப்படிக் கொளுத்துது? தேதியை மாத்திப் போட்டுட்டியா?" என்றாள் பேசும் கருவியில். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். "நேத்தும் இப்படித்தான். உன் வெள்ளைக்காரன் ஊரும் நம்ம ஊராயிருச்சா?"

ஜெர்மேன் மெல்ல, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "இந்த வாரம் அந்த ஊர்ல பெரிய வெயில். பிரான்ஸ்ல மட்டும் பதினஞ்சாயிரம் பேருக்குப் பக்கம் செத்தாங்க. அந்த வெயில்தான் இது."

சுருளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அறுபது பேரைப் பார்த்தான். ஒரு தேசத்தையே கொன்ற வெயிலில் நின்றுகொண்டு சிரிக்கிறார்கள். அதைவிடப் பத்து டிகிரி அதிகத்துக்குள் இவர்களை அனுப்பச் சொல்கிறது கடிகாரம்.

இரண்டு மணி.

அவன் வெளிக்கதவைத் திறந்தான். உள்கதவையும் திறந்தான்.

ஒரே சமயத்தில் இரண்டு கதவும் திறந்ததை எந்திரம் நம்பவில்லை. சிவப்பு விளக்கு மினுங்கியது. "எல்லாரும் உள்ள வாங்க" என்றான் சுருளி. "முதல் ஷிப்டும் திரும்பி உள்ள போங்க. யாரும் வெளிய போக வேண்டாம். கொடிக்கு அடியில உட்காருங்க." மொக்கராசு செல்லக்காளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். கடைசி ஆள் நுழைந்ததும் கதவுகள் மூடின. ஜெர்மேன் தடுக்கவில்லை. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு தரை அதிர்ந்தது.

ஈரம் கூடுவதை எந்திரம் மோப்பம் பிடித்துவிட்டது. 2003-ஐக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். குளிர்விப்பான்கள் பதினாறும் முழு வேகத்தில் உறுமத் தொடங்கின. உள்ளே ஈரம் அரை புள்ளி இறங்கியது. முப்பத்தெட்டு அப்படியே நின்றது. நூற்றிருபது பேரும் நிழலில் கால் நீட்டினார்கள்.

சுருளி அப்பாடா என்று சாய்ந்தான். அப்போதுதான் வெள்ளத்தாய் மேற்கு ஜன்னல் கண்ணாடிக்கு ஓடி வந்தாள்.

"மாமா! என்ன சத்தம் அது?"

"குளிர்மிஷின். நீ போய் உக்காரு."

"அது சூட்டை எங்கிட்டு ஊதுது?"

அவன் கிழக்கு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"மாமா, உன்னைத்தான் கேக்குறேன். எங்கிட்டு ஊதுது? கிழக்கால தான? மேற்குத் தெருவைப் பார்த்துத் தான?" அவள் கண்ணாடியைத் தட்டினாள். "அக்கா தனியா இருக்கு. அதால நடக்க முடியாது. என்னை வெளிய விடு. நான் போய் இழுத்துக்கிட்டு வாரேன்."

"போனா நீ பாலத்தைத் தாண்ட மாட்ட."

"என் அக்காய்யா!"

"வெள்ளை, சொன்னாக் கேளு…"

"நீ கதவைத் தொற!"

அவன் கிழக்கு ஜன்னலுக்கு அடியில் இருந்த எண்பலகையைப் பார்த்தான். ஊர் எல்லையில் ஒரு வெப்பமானி நட்டிருந்தார்கள். நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது. எட்டு மாதத்தில் ஒரு நாளும் அவன் அந்த எண்ணை இப்படிக் கவனித்ததில்லை. அவனுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் எண்தான். ஏப்ரல் உறைபனி கொண்டுவந்த அன்று மேற்குத் தெருவில் என்ன சூடு இருந்திருக்கும்? குளிரை அவன் எங்கிருந்தும் உண்டாக்கவில்லை. இங்கிருந்த சூட்டை எடுத்து அங்கே கொட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு.

"மேடம், இதைப் பாதி வேகத்துக்குக் குறைக்க முடியுமா?"

"ஈரம் இருக்கிற வரைக்கும் அது குறையாது. முழுசா நிறுத்தலாம். நிறுத்தினா…" ஜெர்மேன் மேற்கு ஜன்னலைக் காட்டினார். "இந்த வருஷம் செத்துடும், சுருளி. பொழுது சாயுறதுக்குள்ள உள்ளயும் வெளி மாதிரி ஆயிடும். அப்புறம் இது 2003 இல்ல. ஒண்ணுமே இல்ல. கம்பெனி மூடிட்டுப் போயிடும். ஊருக்கு வேலை இருக்காது."

சுருளி கணக்குப் போட்டான். நிறுத்தினால் நூற்றிருபது பேருக்கு இந்தக் குளிர் போகும். மெதுவாகப் போகும், பொழுது சாய்வதற்குள் உயிர் போகாது. நிறுத்தாவிட்டால் ஊரில் உயிர் போகும். வேலை போனால் நாளைக்கு எல்லோருக்கும் சோறு போகும். நாற்பத்தொன்பது புள்ளி ஐந்து. யோசிக்க யோசிக்க எண் ஏறியது. இதை நினைத்து நினைத்துத்தான் பிற்பாடு அவனுக்குத் தூக்கம் போகப் போகிறது. ஏனென்றால் அவன் உடனே நிறுத்தவில்லை. செல்லக்காள் கண் திறக்கட்டும் என்று பார்த்தான். கம்பெனிக்குப் போன் போடட்டுமா என்று ஜெர்மேன் கேட்டபோது சரி என்றான். போனில் ஒரு பெண் குரல், காத்திருங்கள் என்றது. காத்திருந்தான். இருபத்தைந்து நிமிஷம் குளிர்விப்பான்கள் ஊதின.

வெள்ளத்தாய் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். கண்ணாடியில் நெற்றியை வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் அவன் கை எழுந்தது.

"நிறுத்துறேன் மேடம்."

"இந்த வருஷம்…"

"சாகட்டும். அது செத்து அறுபத்தெட்டு வருஷமாச்சு."

சாவியைத் திருப்பினான். உறுமல் அடங்கியது. அத்தனை பெரிய அமைதி அந்தக் கூடாரத்தில் அதுவரை இருந்ததில்லை. கொடிகளுக்கிடையே இருந்த எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேற்கு ஜன்னலில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. முப்பத்தொன்பது. நாற்பது. கிழக்கில் மெல்ல இறங்கியது. இரண்டு ஜன்னலிலும் ஒரே நாள் தெரிய ஆரம்பித்தது.

குடிதண்ணீர் மூன்றரை மணிக்கே தீர்ந்துவிட்டது. யார் முதலில் பறித்தது என்று தெரியவில்லை. எட்டு மாதமாக ஒரு பழத்தைக்கூட வாயில் போடாதவர்கள் கொத்துக் கொத்தாகப் பிய்த்து உறிஞ்சினார்கள். சாறு முழங்கை வரைக்கும் கறுப்பாக வழிந்தது. மொக்கராசு ஒரு கைப்பிடி வாயில் போட்டு மென்றுவிட்டுக் காறித் துப்பினான். "தூ! வெறும் தோலும் கொட்டையும்! இதுக்கா மாசக்கணக்கா வானத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சானுங்க? நம்ம பன்னீர் திராட்சை இதைத் தூக்கிச் சாப்பிட்டுரும்." செல்லக்காளுக்கு உதட்டில் பிழிந்து விட்டார்கள். அவள் கண் திறந்து, "புளிக்குது" என்றாள். சிலர் கை தட்டினார்கள். வெள்ளத்தாய் ஒன்றும் பறிக்கவில்லை. கதவோரமாக உட்கார்ந்திருந்தாள்.

ஆறரை மணிக்கு விடுதலைச் சங்கு ஊதியது. கதவைத் திறந்தான். நூற்றிருபது பேரும் உயிரோடு வெளியே போனார்கள். வெள்ளத்தாய்தான் முதலில் ஓடினாள்.

சுருளி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மேற்குத் தெருவில் கூட்டம் நின்றது. நான்கு பேர் செத்திருந்தார்கள். மூன்று பேரை அவனுக்குப் பேர் சொல்லத் தெரியும். நான்காவது மாயக்காள். தையல் மிஷின் மேலேயே கவிழ்ந்திருந்தாளாம். இப்போது பாயில் கிடத்தியிருந்தார்கள். ஊசியில் பாதி தைத்த பாவாடை அப்படியே நின்றது. ஆடு மேய்க்கிறவர் சொன்னார்: "ரெண்டு மணிக்கு மேல திடீர்னு அடுப்புக்குள்ள வெச்ச மாதிரி ஒரு காத்து வந்துச்சுப்பா. அப்புறம் தானா நின்னுபோச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னுதான் தெரியல."

வெள்ளத்தாய் அக்காவின் காலருகே உட்கார்ந்திருந்தாள். அவன் நிழல் மேலே விழுந்தும் நிமிரவில்லை.

"நான் போறேன்னு சொன்னேன்ல" என்றாள்.

அவன் அங்கே நிற்க முடியாமல் மறுபடி கூடாரத்துக்கே நடந்தான். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்போது தலை சுற்றியது. பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தான்.

கட்டுப்பாட்டு அறையில் ஜெர்மேன் மேடம் தனியாக உட்கார்ந்திருந்தார். மேற்கு ஜன்னலில் கொடிகள் எல்லாம் வதங்கித் தொங்கின. ஈசல் கூட்டம் படலத்தில் மோதிக்கொண்டிருந்தது. இரண்டு ஜன்னலிலும் எண்கள் ஒன்றாகிவிட்டிருந்தன. நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு.

"போலீஸ் வருமா மேடம்?"

"வராது."

"வேலை?"

"தெரியல. கொடியெல்லாம் போச்சு. அந்தப் பெரியவருக்குச் சொல்லியாச்சு. வேற வருஷம் பாத்துக்கிறேன்னுட்டாராம்."

"நாலு பேரு செத்துட்டாங்க மேடம். எம் பொண்டாட்டியோட அக்காவும் அதுல ஒருத்தி. ரெண்டரை மணிக்கு முன்னாடியே நிறுத்தியிருந்தா…" கிழக்குப் பலகையில் அந்த ஒற்றை வெப்பமானியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுப் போகலாம் என்று கை நீட்டினான்.

"அதை அணைக்காதீங்க" என்றார் ஜெர்மேன்.

"ஏன்? இனி அது யாருக்கு?"

ஜெர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவனைப் பார்க்காமலேயே சொன்னார்.

"கம்பெனியிலிருந்து சொல்லிட்டாங்க, சுருளி. இன்னிக்கு வெளிய அடிச்ச வெயிலை ஒரு நிமிஷம் விடாம பதிவு பண்ணி வெக்கணுமாம். ஐம்பது வருஷம் கழிச்சு, குளிர்ச்சியான வருஷம் வேணும்னு கேட்டு வர்றவங்க இதைத்தான் வாங்குவாங்களாம்."